மரத்துப் போதல்

பாசல். நவம்பர். வெளியே நான்கு டிகிரி.
கிடங்கின் மூன்றாம் தளத்தில்
ஊர்ஸும் நானும் அவளைத் தாங்கியிலிருந்து இறக்கி
வெள்ளை நுரைமெத்தையில் கிடத்துகிறோம்.
லியோனில் கண்காட்சி. அதற்குமுன் நிலை அறிக்கை:
எங்கே வெடிப்பு, எங்கே உரிதல், எங்கே பூச்சி.
ஒரு பெண்ணைப் பற்றி இப்படியெல்லாம் எழுத
எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

பொருள்: அப்பல்லோவும் டாஃப்னியும்.
ஓவியர்: தெரியவில்லை. வெரோனாப் பக்கத்துப் பட்டறை ஏதோ.
காலம்: ஆயிரத்து ஐந்நூற்று அறுபதை ஒட்டி.
பாப்லர் பலகையில் எண்ணெய் வண்ணம்.

பலகை என்று தட்டுகையில் விரல் நிற்கிறது.
மரமாகிக்கொண்டிருப்பவளை
மரத்தின் மேலேயே தீட்டியிருக்கிறான் மனிதன்.
பத்தொன்பது வருட வேலை. இன்றைக்குத்தான் உறைத்தது.

விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்
மேடு பள்ளமெல்லாம் எழுந்து நிற்கும்.
வலக்கையில் மூன்று விரல் இலையாகிவிட்டது.
சுண்டுவிரலில் இன்னும் நகம் இருக்கிறது.
கணுக்காலில் பட்டை ஏறுகிறது,
முழங்காலுக்கு மேலே இளஞ்சிவப்பு.
அந்த இளஞ்சிவப்புக்கு மூன்று பூச்சு.
பட்டைக்கு ஒன்றே ஒன்று,
அதுவும் அவசரமாக, பையன் எவனையோ விட்டு.

காப்பாற்று என்று அவள் கத்தியது அப்பனிடம்.
அப்பன் ஓர் ஆறு. கடவுளும்கூட.
துரத்துகிறவனை அவன் தடுக்கவில்லை,
மகளை நிறுத்தினான்.
படத்தின் மூலையில் குடத்தைச் சாய்த்துக்கொண்டு
தாடியோடு உட்கார்ந்திருக்கிறான், ஈரமாக,
தன்னால் முடிந்ததைச் செய்துவிட்ட முகத்தோடு.
(வார்னிஷ் மஞ்சளாகியுள்ளது. சுத்தம் செய்யப் பரிந்துரை.)

மதியம் கேண்டீன் சூப்பில்
ஒரு பிரிஞ்சி இலை மிதந்தது.
அதே மரம்தான்.
எல்லோரையும்போல நானும்
தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தேன்.

திரும்பி வந்து குனிந்தே நின்றதில்
இடது கால் மரத்துப் போச்சு.
ஊர்ஸிடம் சொல்ல வாயெடுத்தேன்.
உணர்வற்ற காலை ஜெர்மனில் செவிடு என்பார்கள்.
கூப்பிட்டால் கேட்காத கால்.
தமிழில் அது மரம்.
தொட்டால் தெரியாத கால், தொட்டால் தெரியாத தோள்,
பேருந்தில், மாடிப்படியில், யாரோ கை வைக்கையில்
வேறெங்கோ பார்த்துக்கொண்டு
உள்ளுக்குள் நாம் செய்துகொள்வது.
அதற்கு ஒரு புராணம் வேண்டியிருந்தது இவர்களுக்கு.
எங்களுக்கு ஒரு வினைச்சொல் போதும்.

அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.

கடைசியாக வெடிப்பு.
மேல்விளிம்பில் தொடங்கி, இழையோடு இறங்கி,
அவன் நடுவிரலுக்கும் அவள் இடுப்புக்கும்
நடுவே போகிறது.
நூறு வருடத்துக்கு முன் யாரோ ஒரு நல்லவர்
புட்டி வைத்து அடைத்து, அதன்மேல் வண்ணம் தடவி
இருவரையும் ஒட்டவைத்திருக்கிறார்.
புட்டி உதிர்ந்துவிட்டது.
மயிற்கோல் நுனியில் மிச்சமும் வந்தது, தவிட்டுத் தூளாக.

பாப்லர் இன்னும் அடங்கவில்லை.
ரைன் பனிமூட்டம் உள்ளே கசிந்தால் ஊதும்,
ஹீட்டர் எரிந்தால் சுருங்கும்.
அறையின் ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டில் நிற்கவேண்டும்,
வெடிப்பு விரியாமல் காப்பது என் பொறுப்பு,
என் கையெழுத்தோடு கோப்பில் இருக்கிறது.

அளவுச் சட்டத்தை வைத்துப் படிக்கிறேன்.
வசந்தத்தில் பார்த்ததைவிட
அரை மில்லிமீட்டர் கூடியிருக்கிறது.
நானூற்றுச் சொச்சம் வருடமாக
எட்டிக்கொண்டே இருக்கும் அந்தக் கைக்கு
அரை மில்லிமீட்டர் தூரம் கூடியிருக்கிறது.

"பயணம் தாங்குமா?" என்கிறான் ஊர்ஸ்.
பொறு, என்கிறேன்.
விளக்கை அணைத்துவிட்டு
ஈரப்பத மானியின் முள்ளைப் பார்க்கிறேன்:
நாற்பத்தேழு.
எழுந்துபோய்ச் சரிசெய்ய வேண்டும்.
கால் இன்னும் வரவில்லை.